வீட்டுக்குப் போன கோப்புகள்



சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி இருக்கும். காபி குடித்துக்கொண்டிருந்தேன். பிரான்சிலிருந்து தங்கை மகள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். அவள் பாரிஸுக்கு வடக்கே ஒரு ஊரில், மேரியில் வேலை பார்க்கிறாள். மேரி என்றால் என்ன என்று நம் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிறப்பு, இறப்பு, கல்யாணம் பதிகிற செக்ஷன் அவளுக்கு. அங்கே அப்போது பகல் பன்னிரண்டரை. பின்னால் அவள் வீட்டு அடுப்படி தெரிந்தது.

"என்னம்மா, இன்னைக்கு லீவா?"

"இல்ல மாமா, செவ்வாய்க்கிழமை எனக்கு தெலெத்ரவாய். சாப்பாட்டு நேரம், அதான் கூப்பிட்டேன்."

தெலெத்ரவாய். தொலைவிலிருந்து வேலை. கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சொல்லையோ, அதற்கு ஈடான 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்பதையோ கேட்காதவர் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வேலை செய்வது வேறு, அரசாங்க ஊழியர் செய்வது வேறு. நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைய அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவன் நான். பத்து மணிக்கு மேல் சிறிது நேரம் சலுகை, அதற்கப்புறம் சிவப்பு மசி, அரை நாள் சி.எல். போச்சு. அப்படி வளர்ந்தவனுக்கு, அரசாங்கம் எப்படித் தன் குமாஸ்தாவை வீட்டில் உட்கார வைக்கத் துணிந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. பிரெஞ்சு வழியில் படித்ததால் அந்த ஊர் தெக்ரேகளை நேரே படிக்க முடிந்தது. அமெரிக்காவைப் பற்றித் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கதை அமெரிக்காவில்தான் ஆரம்பம். ஜாக் நில்ஸ் என்று ஒருவர். ராக்கெட், செயற்கைக்கோள் வேலையில் இருந்த என்ஜினீயர். மனிதனை நிலவுக்கு அனுப்பத் தெரிந்த நீங்கள் இந்தப் போக்குவரத்து நெரிசலுக்கு ஒரு வழி சொல்லக்கூடாதா என்று ஒரு நகரத் திட்ட அதிகாரி அவரைக் கேட்டாராம். அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1973இல், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, ஆளை வேலைக்கு அனுப்புவதற்குப் பதில் வேலையை ஆளிடம் அனுப்பினால் என்ன என்று ஆராயத் தொடங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் மைல் கணக்கில் கார்கள் நின்றன. நில்ஸுக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறு யார் கொடுத்திருக்க முடியும்?

அவர் முதலில் சோதித்தது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் குமாஸ்தாக்களை வைத்து. அவர்கள் வீட்டில் உட்காரவில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் திறந்த சின்னக் கிளை அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு வீட்டில் கம்ப்யூட்டர் ஏது? சோதனை நன்றாகவே நடந்தது. ஆனாலும் கம்பெனி தொடரவில்லை. தொழிற்சங்கங்களுக்கும் சந்தேகம். ஆட்கள் சிதறிப் போனால் சங்கம் எப்படி நடத்துவது? 1983இல் அமெரிக்காவின் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு, வீட்டில் கம்ப்யூட்டர் வேலை செய்வதையே தடை செய்யவேண்டும் என்று தீர்மானம் போட்டது. நானும் சங்கத்தில் இருந்தவன்தான். அந்த பயம் எனக்குப் புரிகிறது. வீட்டில் பீடி சுற்றும் பெண்களுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று பார்த்தவர்களுக்கு எல்லாம் புரியும்.

தனியார் தயங்கியபோது கை கொடுத்தது அரசாங்கம்தான். கலிபோர்னியா மாநில அரசு 1985இல் திட்டம் போட ஆரம்பித்து, சில நூறு ஊழியர்களை வைத்துச் சோதனை நடத்தி, 1990இல் இறுதி அறிக்கை கொடுத்தது. நில்ஸ்தான் ஆலோசகர். வீட்டில் வேலை செய்பவர்களை மட்டும் பார்க்காமல், அதே வேலையை ஆபீசில் செய்கிற இன்னொரு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். வேலை குறையவில்லை என்று அறிக்கை சொன்னது. ஊழியருக்குப் பயிற்சி கொடுத்ததோடு நிற்காமல் மேலதிகாரிகளுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். இதைப் படித்தபோது சிரித்துக்கொண்டேன். பயிற்சி தேவைப்பட்டது யாருக்கு என்று அவர்களுக்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது.

அதே 1990இல் மத்திய அரசும் 'ஃபிளெக்ஸிபிளேஸ்' என்ற பெயரில் ஒரு சோதனையைத் தொடங்கியது. அங்கே முளைத்த ஒரு சிக்கலைக் கேளுங்கள். ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்ய டெலிபோன் வேண்டும். ஆனால் அரசுப் பணத்தில் தனியார் வீட்டில் டெலிபோன் வைக்கக்கூடாது என்று 1912இல் போட்ட சட்டம் ஒன்று அங்கே உயிரோடு இருந்தது! டெலிபோன் ஆடம்பரமாக இருந்த காலத்தில், யாரோ அரசுச் செலவில் ஊர்க்கதை பேசியதைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். வீட்டு வேலைக்கு அனுமதி பெற்றவர் வீட்டில் அரசு செலவில் லைன் இழுக்கலாம் என்று நிரந்தரமாக வழி செய்தது 1995இல்தான். நம்மைப் போன்ற பில் செக்ஷன் ஆட்களுக்குத்தான் இதன் ருசி தெரியும். புரட்சி வந்தாலும் முதலில் எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று யாராவது கேட்பார்கள்.

டெலிபோன் என்றதும் நம் ஊர் ஞாபகம் வருகிறது. நான் வேலையில் சேர்ந்த 1971இல் வீட்டில் அரசு டெலிபோன் என்றால் அது அதிகாரி வீடு. பெரிய அதிகாரியின் வீட்டு முன்னறைக்கு 'கேம்ப் ஆபீஸ்' என்று பெயர். அதற்குத் தனியாக ஒரு கேம்ப் கிளார்க். சாயந்திரம் ஐந்தரை ஆனதும் பியூன் சிவப்புத் துணியில் கோப்புகளை மூட்டை கட்டி சைக்கிள் கேரியரில் வைத்துப் போவார். காலையில் கையெழுத்தோடு திரும்பி வரும். யோசித்துப் பார்த்தால் அதுவும் தெலெத்ரவாய்தான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதிகாரிகள் வீட்டில் வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர் வீட்டில் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. குமாஸ்தாவின் வேலை மட்டும் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

என் சொந்தக் கதை ஒன்றை இங்கே சொல்லவேண்டும். 1985 மார்ச். மனைவி பிரசவத்துக்குக் காரைக்கால் போயிருந்தாள். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில். நான் ஒரே பிள்ளை, தங்கை பிரான்சுக்குப் போய்விட்டாள். லீவு எல்லாம் தீர்ந்த நிலை. வருடக் கடைசி, செலவுக் கணக்கைக் கணக்குத் துறையின் கணக்கோடு ஒத்துப் பார்த்து ஸ்டேட்மெண்ட் அனுப்பவேண்டிய நேரம். அது ஒரு ரிஜிஸ்டர், ஒரு பென்சில், பொறுமை, இவ்வளவு இருந்தால் எங்கும் செய்யலாம். பத்து நாள் மதியத்துக்கு மேல் வீட்டில் வைத்துச் செய்கிறேன் என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "ஆபீஸ் ரெக்கார்ட் வாசல் தாண்டக்கூடாது" என்றார்.

ஒரு நாள் மாலை துணிப்பையில் ரிஜிஸ்டரை வைத்து எடுத்துப் போனேன். தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விடிய விடியக் கணக்கை முடித்தேன். 40 ரூபாய்க்கு ஒரு வித்தியாசம், ஒரு மாதமாக யாருக்கும் அகப்படாதது, அன்றைக்கு ராத்திரி அகப்பட்டது. காலையில் பத்துக்கு முன்னால் ரிஜிஸ்டர் பீரோவில் இருந்தது. யாரோ சொல்லிவிட்டார்கள். மத்தியானம் மெமோ வந்தது. அனுமதியின்றி அரசு ஆவணத்தை வெளியே எடுத்துச் சென்றதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று ஐந்து வரி. நான் முடித்த ஸ்டேட்மெண்ட் அதே நாள், அதே அதிகாரியின் கையெழுத்தோடு, டெஸ்பாட்சில் போயிற்று. சாயந்திரம் வழக்கம்போல் பியூன் சிவப்பு மூட்டையை சைக்கிளில் ஏற்றினார். அந்த மெமோ இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

போகட்டும். அமெரிக்காவுக்குத் திரும்புவோம். 1990களில் வாஷிங்டனைச் சுற்றியுள்ள ஊர்களில், ஊழியர்கள் பக்கத்திலேயே போய் உட்கார அரசு சில மையங்களைத் திறந்தது. வீட்டுக்கு வீடு இணையம் வந்ததும் அவற்றுக்கு வேலை குறைந்துபோனது. 1997இல் காப்புரிமை, வர்த்தகக் குறி அலுவலகம் தன் வர்த்தகக் குறிப் பரிசோதகர்களில் சிலரை வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டது. இது ஏன் வெற்றி பெற்றது என்பது நமக்குச் சுலபமாகப் புரியும். அந்த வேலை எண்ணக்கூடியது. இத்தனை விண்ணப்பம் வந்தது, இத்தனை முடிந்தது, இத்தனை பாக்கி. நம் மாதாந்திர அரியர் லிஸ்ட் மாதிரி. ஆள் எங்கே உட்கார்ந்தால் என்ன?

2000ஆம் ஆண்டு வர்ஜீனியாவைச் சேர்ந்த பிராங்க் உல்ஃப் என்ற உறுப்பினரின் முயற்சியால், ஒவ்வொரு துறையும் தகுதியுள்ள ஊழியர்களுக்குத் தொலைவேலைக் கொள்கை வகுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. ஆண்டுக்கு 25 சதவீதம் ஊழியர்கள் வீதம் விரிவாக்கவேண்டும் என்று இலக்கும் இருந்தது. அவர் தொகுதி வாஷிங்டனுக்குத் தினமும் கார் ஓட்டிவருகிற ஊழியர்கள் நிறைந்த இடம், அதனால் அவர் அக்கறைக்குக் காரணம் தேட வேண்டாம். இலக்கு காகிதத்தில்தான் நின்றது. நடுநிலை அதிகாரிகள் தலையாட்டினார்கள், அசையவில்லை. நமக்குத் தெரியாத வித்தையா?

அசைத்தது பனி. 2010 பிப்ரவரியில் வாஷிங்டனில் பனி குவிந்து, அரசு அலுவலகங்கள் நான்கு நாளுக்கு மேல் மூடிக்கிடந்தன. ஒரு நாள் மூடினால் 10 கோடி டாலர் நஷ்டம் என்று முதலில் கணக்குச் சொன்னார்கள். பிறகு, வீட்டிலிருந்தே பலர் வேலை செய்துவிட்டதால் அது 7.1 கோடிதான் என்று திருத்தினார் பணியாளர் துறைத் தலைவர் ஜான் பெர்ரி. நாடாளுமன்றத்துக்கு அந்த வித்தியாசம் கண்ணில் பட்டது. அந்த டிசம்பர் 9ஆம் தேதி ஒபாமா கையெழுத்திட்டு தொலைவேலை மேம்பாட்டுச் சட்டம் வந்தது. 180 நாளுக்குள் ஒவ்வொரு துறையும் யார் தகுதியானவர் என்று முடிவு செய்து ஊழியருக்குத் தெரிவிக்கவேண்டும். இருவரும் எழுத்தில் ஒப்பந்தம் போடவேண்டும். ஒவ்வொரு துறைக்கும் இதற்கென்றே ஓர் அதிகாரி. ஒரு வருடத்தில் 5 நாளுக்கு மேல் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருந்து தண்டனை பெற்றவருக்கு இந்தச் சலுகை கிடையாது. எழுதியவர் பழைய எஸ்டாப்ளிஷ்மெண்ட் செக்ஷன் ஆளாகத்தான் இருக்கவேண்டும்.

ஆனால் அந்தச் சட்டம் துறைக்கு அதிகாரம் கொடுத்தது, ஊழியருக்கு உரிமை கொடுக்கவில்லை. அதனால்தான் 2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் பதவியேற்ற அன்றே ஒரு குறிப்பாணையில், எல்லாரும் முழு நேரமும் ஆபீசுக்குத் திரும்பவேண்டும் என்று சொல்ல முடிந்தது. சட்டத்தை ரத்து செய்யவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பிரான்ஸ் நடந்த பாதை வேறு. அங்கே எல்லாம் மெதுவாக வரும், வந்தால் கட்டுரை எண்ணோடு வரும். 1980களிலேயே வீட்டுக்கு வீடு மினிதெல் என்ற சின்னத் திரையை டெலிபோனோடு சேர்த்துக் கொடுத்த நாடு அது. விடுமுறைக்கு வந்த நம் சொல்தா குடும்பங்கள் அதைப் பற்றிப் பெருமை அடித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ரயில் டிக்கெட்டும் டெலிபோன் டைரக்டரியும் அதில் பார்த்தார்கள். ஆனாலும் அரசு ஊழியர் மட்டும் தினமும் நேரில் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். 1990களில் தியெரி பிரெத்தோன் தொலைவேலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார். தனியார் துறையில் 2005இல் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் ஒப்பந்தம் போட்டார்கள். அரசு ஊழியருக்கு வழி திறந்தது 2012 மார்ச் 12ஆம் தேதிய சட்டம், அமைச்சர் சொவாதே பெயரால் வழங்குவது, அதில் 133ஆவது பிரிவு. அதே 2012இல் ஜூன் 30 அன்றுதான் மினிதெல்லை நிரந்தரமாக அணைத்தார்கள்.

சட்டம் வந்ததா, இனி தெக்ரே வரவேண்டும். அது வந்தது 2016 பிப்ரவரி 11. நான்கு வருடம்! நம் ஆபீசைக் கிண்டல் செய்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

ஆனால் தாமதமாக வந்தாலும் நறுக்கென்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு முறை படித்தேன். கேட்கவேண்டியது ஊழியர். யாரையும் கட்டாயப்படுத்தி வீட்டுக்கு அனுப்ப முடியாது. வாரத்துக்கு 3 நாள்தான் உச்சம், 2 நாளாவது அலுவலகத்தில் இருக்கவேண்டும். உடல்நிலை காரணமாக மருத்துவர் சொன்னால் அந்த உச்சத்தைத் தளர்த்தலாம். கருவி, மென்பொருள், இணைப்பு, பராமரிப்புச் செலவு நிர்வாகத்தைச் சேரும். வீட்டில் இருப்பவருக்கும் ஆபீசில் இருப்பவருக்கும் ஒரே உரிமை, ஒரே கடமை. எந்தெந்த வேலைகளை இப்படிச் செய்யலாம் என்பதை அந்தந்த நிர்வாகம் தீர்மானிக்கும், ஊராட்சி என்றால் அதன் கோன்செய் முனிசிபால் கூடித் தீர்மானம் போடும்.

அந்தக் கடைசி வரியில்தான் சண்டை. பட்டியல் போடுகிற இடத்தில் எப்போதும் மேலே இருப்பவர் வேலை 'தூரத்திலிருந்து செய்யக்கூடியது' ஆகிவிடும், கவுண்டரில் நிற்பவர் வேலை ஆகாது. தங்கை மகள் ஊர் மேரியிலும் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்பவர், பள்ளி உணவகத்தில் சமைப்பவர், தோட்டக்காரர் யாருக்கும் இது இல்லை. இருக்கவும் முடியாது என்பது நியாயம்தான், ஆனாலும் ஒரே கட்டடத்தில் இரண்டு ஜாதி மாதிரி ஆகிவிட்டது என்கிறாள். அவளுக்கு நான்கு நாள் கவுண்டர். பிறப்புச் சான்றிதழ் கேட்டு இணையத்தில் வருகிற மனுக்களைச் சேர்த்து வைத்துச் செவ்வாய்க்கிழமை வீட்டில் முடிக்கிறாள். அந்த ஒரு நாளையும் அவள் கேட்டு வாங்கியதுதான்.

2020 மார்ச் 17 அன்று பிரான்ஸ் வீட்டுக்குள் பூட்டிக்கொண்டபோது பட்டியல், விண்ணப்பம் எல்லாம் பறந்தன. அந்த மே மாதமே தெக்ரேயைத் திருத்தி, அவசர நேரங்களில் தளர்வு கொடுத்தார்கள். 2021 ஜூலை 13 அன்று அமைச்சர் அமெலி தெ மோன்ஷலேனோடு எல்லாப் பெரிய சங்கங்களும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அரசுப் பணியில் அது அங்கே அபூர்வம். வீட்டில் வேலை செய்யும் நாளுக்கு 2.50 யூரோ, வருடத்துக்கு 220 யூரோவுக்கு மேல் போகாமல், கரண்டு, சூடேற்றும் செலவுக்கு என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். "ஒரு காபி காசு மாமா" என்று சிரிக்கிறாள். காபிக் காசானாலும் பில்லில் அதற்கு ஒரு வரி இருக்கிறதே!

நம் நாட்டில் இது சுருக்கமான கதை. 2020 மார்ச் 19 அன்று மத்திய அரசு, பி, சி பிரிவு ஊழியர்களில் பாதிப் பேர் வாரம் மாற்றி வாரம் வந்தால் போதும், மீதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்யட்டும், டெலிபோனில் கிடைக்கவேண்டும் என்று உத்தரவு போட்டது. குமாஸ்தாவை எண்ணி வந்த சுற்றறிக்கை என்பதால் பென்ஷன்தாரனான எனக்கே ஒரு சந்தோஷம். அந்த மே மாதம், வருடத்துக்கு 15 நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கலாம் என்று ஒரு வரைவும் சுற்றுக்கு விட்டார்கள். ரகசியக் கோப்பு கூடாது, மின் கோப்பு முறையில்தான் எல்லாம். இப்போது போய்ப் பாருங்கள், வாசலில் விரல் ரேகை மெஷின் முன்னால் வரிசை நிற்கிறது.

எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்த விஷயம் ஒன்று பாக்கி. 2003இல் நான் சூப்பரின்டென்டென்ட். என் செக்ஷனில் ஒரு எல்.டி.சி. பெண். குழந்தைக்கு வலிப்பு நோய். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலேயே டைப் அடித்து ஃபிளாப்பியில் கொண்டுவந்து கொடுக்கட்டுமா சார் என்று கேட்டது. வீட்டில் கணவர் வாங்கிய கம்ப்யூட்டர் இருந்தது. அதன் வேலை சுத்தமான வேலை, ஒரு பிழை இருக்காது. நான் பேனாவை வைக்காமல், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ரூல் இல்லைம்மா" என்றேன். அடுத்த வருடம் அது சம்பளமில்லா லீவில் போயிற்று, பிறகு வேலையையே விட்டுவிட்டதாகக் கேள்வி. டிரங்குப் பெட்டி மெமோ அன்றைக்கு எனக்கு ஞாபகமே வரவில்லை.

பிரெஞ்சு தெக்ரேயில் ஒரு வாசகம் இருக்கிறது. ஊழியர் கேட்டதை மறுப்பதானால், முதலில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசவேண்டும், பிறகு காரணத்தை எழுதித் தரவேண்டும். அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி மகனிடம் கேட்டேன். "உங்களுக்கு எதுக்குப்பா இது?" என்றான். மெமோவோடு சேர்த்து அதே பெட்டியில் வைத்திருக்கிறேன்.